சாவி ஆணியில் ஒரு காது

ராஜா இல்லை, மந்திரி இல்லை, காடும் இல்லை. எட்டு மாடி இருந்தது, ஓடாத லிஃப்ட் ஒன்று இருந்தது, அந்த லிஃப்டுக்குள் யாரோ ஒரு கோழியை வளர்த்தார்கள், அவ்வளவுதான் அந்தக் கட்டடத்தின் பெருமை. ஆற்றோரத்துக் குடிசைகளில் இருந்த எங்களை லாரியில் ஏற்றி, பட்டணம் முடிந்து, பட்டணத்தின் குப்பை மேடும் முடிந்து, அதற்கும் அப்பால் கோரை முளைத்த சதுப்பில் கொண்டுபோய் இறக்கிவிட்டபோது, வீட்டுக்கு ஒரு கதவு கொடுத்தார்கள், கதவுக்கு ஒரு சாவி கொடுத்தார்கள், அந்தச் சாவியை மாட்ட வாசலுக்கு உள்பக்கம் ஆளுக்கொரு ஆணி நாங்களே அடித்துக்கொண்டோம். ஆற்றோரத்தில் சாவிக்கு வேலை இருந்ததில்லை. அங்கே ஒரு வீட்டில் வெங்காயம் தீர்ந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு குரல் விட்டால் போதும், நாலாவது குடிசையிலிருந்து வெங்காயமும் அதோடு ஒரு வசவும் சேர்ந்து வரும். இங்கே குரல் விட்டால் அது சுவரில் மோதி விட்டவளிடமே திரும்பி வந்தது, அதனால் கொஞ்ச நாளில் குரல் விடுவதையே மறந்துபோனோம்.

ஆறாவது மாடியில் கோமளா இருந்தாள். ஹோட்டலுக்குப் பூண்டு உரித்துக் கொடுப்பவள். அவள் புருஷன் ஒரு கல்யாணத்துக்குப் பந்தல் போடப் போனவன், பந்தலைப் பிரிக்காமலே வேறு ஊருக்குப் போய்விட்டான். கோமளாவுக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு உண்டு. ஆற்றோரத்தில் அவள் விழுந்தால் நாலு பக்கத்திலிருந்தும் ஆள் ஓடி வரும், யாராவது ஒரு இரும்பை எடுத்துக் கையில் திணிப்பார்கள், இன்னொருத்தர் முறத்தால் விசிறுவார், அவள் கண் விழிக்கும்போது ஒரு கூட்டமே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். இங்கே கதவுக்குள்ளே விழுந்தால் அது கதவுக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் பெண் எப்சிபா பத்தாம் வகுப்பு. வலிப்பு தீர வேண்டுமென்று கோமளா ஒரு ஜெபச் சபைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் பிறந்தவள், பேர் மட்டும் தங்கிவிட்டது, வலிப்பும் தங்கிவிட்டது. அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் கேட்டு வந்து மாடி மாடியாகச் சொன்னாள்: கையில் இரும்பெல்லாம் வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் ஒரு துணியை வைத்து, கண் விழிக்கிற வரைக்கும் பக்கத்தில் இருந்தால் போதும். எல்லாரும் தலையை ஆட்டினோம். ஆட்டிவிட்டு, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று கோமளா வீட்டுச் சாவியைப் பார்த்துவைத்துக்கொண்டோம், ஏனென்றால் அது நல்ல கனமான இரும்புச் சாவி.

ஒருநாள் எப்சிபா பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது கோமளா விழுந்தாள். சாயங்காலம் பெண் வந்து கதவைத் திறந்தால், அம்மா பூண்டுத் தோலுக்கு நடுவில் கிடக்கிறாள், அடுப்பில் தண்ணீர் வற்றிப் பாத்திரம் கருகிப்போயிருக்கிறது, பக்கத்து வீட்டு டிவியில் யாரோ சிரிக்கிறார்கள். அவள் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் ஜடை பின்னிக்கொண்டு, பையை மாட்டிக்கொண்டு, வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கிப் போனாள். அவள் போன பிறகு கோமளா கூட்ட வந்தாள். ஆணியில் சாவிக்கு மேலே, சின்னக் கம்மலோடு, எப்சிபாவின் இடது காது மாட்டியிருந்தது.

கோமளா துடைப்பத்தைக் கீழே வைத்தாள். காது காற்றில் ஆறிப்போகுமே என்று ஜன்னலைச் சாத்தினாள். அப்புறம் மறுபடியும் கூட்டினாள், இந்தத் தடவை தூசி பறக்காமல்.

பள்ளிக்கூடத்து வாசலில் எப்சிபா கன்னத்தைத் தடவினாள். காது இருந்த இடம் உள்ளங்கை மாதிரி வழவழவென்று இருந்தது, வலி இல்லை, ரத்தம் இல்லை, அந்தப் பக்கத்திலிருந்து துடைப்பம் தரையில் தேய்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் ஜடையை அவிழ்த்து அந்தப் பக்கம் முடியை விட்டுக்கொண்டு வகுப்புக்குள் போய் உட்கார்ந்தாள். அன்றைக்கு மத்தியானம், சரித்திரப் பாடத்துக்கு நடுவில், அம்மா கையிலிருந்து பூண்டுக் கூடை விழுகிற சத்தம் கேட்டதும் எழுந்து ஓடினாள். ஓடிவந்து, ஆறு மாடி ஏறி, அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தக் காதை யாரும் ஆணியிலிருந்து எடுக்கச் சொல்லவில்லை.

மாடி முழுக்கச் செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும். வந்து பார்த்தார்கள். கொசு கடிக்குமே என்று ஒருத்தி மெல்லிய துணியால் மூடினாள், மூடினால் எப்படிக் கேட்கும் என்று இன்னொருத்தி துணியை எடுத்தாள். தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விடலாமா என்று ஒரு பேச்சு நடந்தது. குடியிருப்பைப் பார்வையிட வந்த அதிகாரி, சுவரில் ஆணி அடிக்க அனுமதி கிடையாது என்றார், காதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சபையிலிருந்து பாஸ்டர் வந்து அதன் முன்னால் முழங்கால் போட்டு உருகி ஜெபம் பண்ணினார், அந்த நேரத்தில் எப்சிபா கணக்கு வகுப்பில் எழுந்து நின்று சத்தமாக ஆமென் என்று சொல்லிவிட்டு, சார் முறைத்ததைப் பார்த்து உட்கார்ந்தாள்.

ஐந்தாவது மாடியில் முத்துலட்சுமி இருந்தாள், லாரி முத்து என்றால்தான் தெரியும். தண்ணி லாரி வந்தால் வரிசை அவள் கையில். அந்த வரிசையில் ஆள் நிற்க வேண்டாம், குடம் நின்றால் ஆள் நின்றதாகக் கணக்கு, குடத்தைத் தாண்டிப் போனவர்களை முத்து என்ன சொல்லுவாள் என்பதை இங்கே எழுத முடியாது. காதை முதலில் உபயோகப்படுத்தியது அவள்தான். தன் மகன் பள்ளிக்கூடத்துக்குச் சோறு எடுக்காமல் போய்விட்டான் என்று வந்து காதிடம் சொன்னாள், எப்சிபா தன் சோற்றில் பாதியை அந்தப் பையனுக்குக் கொடுத்துவிட்டாள். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். ரேஷன் கடை திறந்தாயிற்று, வரும்போது மண்ணெண்ணெய் உண்டா என்று பார்த்துக்கொண்டு வா. எங்கள் வீட்டுப் பிள்ளை இன்றைக்கு வகுப்பில் இருக்கிறானா இல்லை மைதானத்தில் இருக்கிறானா. மாமியார் இப்படிச் சொல்கிறாள், நீயே சொல்லு எப்சி, இது நியாயமா. எட்டாவது மாடியிலிருந்து ஒரு பெரியவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து, செத்துப்போன மனைவி எப்படி மீன் குழம்பு வைப்பாள் என்று காதிடம் சொல்லிவிட்டு, மறுபடி முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறிப் போவார். ஆற்றோரத்தை விட்டு வந்த நாளிலிருந்து தொண்டையில் அடைத்து வைத்திருந்த குரலையெல்லாம் கொண்டுவந்து அங்கே கொட்டினோம், கொட்டினது ஒரு இடத்தில் போய்ச் சேருகிறது என்பதே எங்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

கோமளா அந்த ஆணிக்குக் கீழேதான் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருப்பாள். வருகிறவர்கள் அவளைத் தாண்டி, அவள் தலைக்கு மேலே எட்டி, காதிடம் பேசிவிட்டுப் போவார்கள். ஒருநாள் அவள் முத்துவிடம், "எனக்கு வலிப்புதான் முத்து, காது நல்லாத்தான் கேக்குது" என்றாள். முத்து சிரித்துவிட்டு, சரிக்கா சரிக்கா என்று சொல்லி, காதிடம் பாக்கியையும் சொல்லி முடித்துவிட்டுப் போனாள்.

அங்கே வகுப்பில் இந்துமதி டீச்சர் அறிவியல் நடத்திக்கொண்டிருப்பார். வலது பக்கத்திலிருந்து மின்சாரம் வரும், இடது பக்கத்திலிருந்து மண்ணெண்ணெய் வரும். காலாண்டுப் பரீட்சையில் எப்சிபா தமிழ் தவிர எல்லாவற்றிலும் ஃபெயிலாகிவிட்டாள். பத்தாவது தவறின பெண்களுக்கு என்று குடியிருப்பு வாசலில் காலையில் ஒரு கம்பெனி வேன் வந்து நிற்கும், ஏறினால் இருட்டின பிறகுதான் இறக்கிவிடும். அவள் தாய்மாமன் போனில் பேசும்போது, பெண்ணுக்குப் படிப்பு ஏறவில்லை என்றால் விட்டுவிடு, வேன்காரனிடம் நான் சொல்லிவைக்கிறேன் என்றார். எப்சிபாவுக்கு வேனைவிட அது கொண்டுபோய் விடுகிற தூரம்தான் பயம். அங்கிருந்து ஓடிவர முடியாது.

இந்துமதி டீச்சர் முதலில் இந்தப் பெண்ணை மந்தம் என்றுதான் நினைத்தார். ஒருநாள் ஓம் விதியைச் சொல்லு என்று எழுப்பிவிட்டால், அது கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு, மூணாவது மாடி தெய்வநாயகிக்கு சுகர் மாத்திரை தீர்ந்துபோச்சு டீச்சர் என்றது. வகுப்பு சிரித்தது. டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை, என்னவோ குடைந்தது. அவர் அவளைத் தனியாக உட்கார வைத்து, முடியை ஒதுக்கிப் பார்த்தார், பார்த்துவிட்டு முடியை மறுபடி சரியாக விட்டார். அப்புறம், நேற்று முழுக்க அந்தப் பக்கம் என்ன கேட்டது, சொல்லு என்றார். எப்சிபா சொன்னாள். காலையில் லாரி வந்ததிலிருந்து, யார் வீட்டில் என்ன சண்டை, யார் என்ன மாத்திரை, அதை எப்போது விழுங்க வேண்டும், பெரியவர் மனைவி மீன் குழம்பில் புளியை எந்தப் பதத்தில் விடுவாள், லிஃப்ட் கோழி முட்டை போட்டு எப்போது கத்தியது, ஒன்று விடாமல், வரிசை மாறாமல் சொன்னாள். மணி அடித்தது, அடுத்த வகுப்பு தொடங்கியது, அவள் இன்னும் மத்தியானத்தைத் தாண்டவில்லை.

"உனக்கு ஞாபகம் கம்மி இல்லைம்மா," என்றார் டீச்சர். "வைக்கத்தான் இடமில்லை."

அன்றைக்குச் சாயங்காலமே அவர் ஆறு மாடி ஏறி வந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் நின்று, காதை நெடுநேரம் பார்த்தார். பக்கத்தில் போய் மோந்துகூடப் பார்த்தார், பூண்டு வாடை அடித்தது. அதற்குள் வராந்தாவில் கூட்டம் கூடிவிட்டது. அவர் திரும்பி, குரலை உயர்த்தாமல், "இந்தப் பொண்ணு காது தெருக்குழாய் இல்லை, ஆளாளுக்குக் குடத்தோட வர்றதுக்கு" என்றார். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை, முன்னால் நின்றவர்கள் திரும்பிச் சொன்னார்கள், சொல்லச் சொல்லத் தலைகள் குனிந்தன.

பொதுப் பரீட்சைக்குச் செண்டர் வேறு ஊரில் விழுந்திருந்தது, பஸ்ஸில் போக வேண்டும். அம்மா விழுந்தால் ஓடிவர முடியாத தூரம். வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தால் எழுத ஓடாது, அதனால் காது கூடவே போயாக வேண்டும், அதற்கு ஆணியில் வேலை இருக்கக்கூடாது. எப்சிபா காதை எடுத்துத் தலையில் வைத்தாள், சுலபமாக ஒட்டிக்கொண்டது. ஆனால் அவள் கீழே இறங்கி வாசல் கேட்டைத் தாண்டினதும் அது திரும்ப ஆணியில் இருந்தது. கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு போனாள், கேட்டைத் தாண்டியதும் கையில் கம்மல் அழுந்திய தடம்தான் மிச்சம். சரி, காதுக்கு உறுதி கொடுப்போம் என்று ஒவ்வொருவராக ஆணி முன்னால் நின்று, நான் பார்த்துக்கொள்கிறேன், நான் வந்து எட்டிப் பார்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்தோம். பெரியவர் மனைவி பேரில் சத்தியம் பண்ணினார். காது அசையவில்லை.

ஏன் என்று டீச்சர் கேட்டார்.  எப்சிபா தரையைப் பார்த்துக்கொண்டு, "எட்டிப் பாக்கறேன்னு சொன்னவங்க எல்லாம் சொல்லிட்டுப் போன சத்தம் அதுக்குக் கேட்டிருக்கு டீச்சர். திரும்பி வந்த சத்தம்தான் கேக்கல" என்றாள்.

 லிஃப்டுக்குள் கோழி மட்டும் கொக்கரித்தது.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவள் முத்து. வரிசையில் குடம் நின்றால் ஆள் நிற்பதாகத்தானே அர்த்தம், இத்தனை வருஷத்தில் முத்து வரிசையில் ஒரு குடத்தை யாராவது நம்பாமல் இருந்ததுண்டா. ஆகையால் பரீட்சை நாளில் வீட்டுக்கு ஒரு குடம் கோமளா வீட்டில் இருக்கட்டும், அவரவர் வேலையை அவரவர் பார்க்கட்டும். எங்களுக்கு இது ரொம்ப நியாயமாகப் பட்டது. பச்சை, மஞ்சள், ஊதா, ரோஸ் என்று பிளாஸ்டிக் குடங்கள் அடையாளத்துக்கு எழுத்துக் கீறியபடி வந்து சேர்ந்தன, சுவரோரம் முழுக்க, அடுப்பு மேடை மேல், வாசல் வரைக்கும், ஒரு கல்யாணத்துக்கு வந்த கூட்டம் மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. கோமளா அவற்றைப் பார்த்துவிட்டு, "நான் விழறதுக்கு மட்டும் கொஞ்சம் எடம் விட்டு வைங்க" என்றாள். இந்துமதி டீச்சர் என்னவோ சொல்ல வாயெடுத்தார், எங்கள் முகத்தில் இருந்த திருப்தியைப் பார்த்து மூடிக்கொண்டார். காது குடங்களைக் கேட்டது. குடங்கள் மூச்சு விடவில்லை. காது ஆணியிலேயே இருந்தது.

எப்சிபா ஒற்றைக் காதோடு பஸ் ஏறினாள். தமிழ் எழுதினாள், இங்கிலீஷ் எழுதினாள், கணக்கு எழுதினாள், வலது பக்கத்தால் எழுதி இடது பக்கத்தால் காவல் காத்தாள். மாடியில் எல்லாரும் டீச்சருக்குப் பயந்து காதிடம் பேசாமல் இருந்தார்கள், அதனால் இடது பக்கத்தில் கோமளா நகம் பூண்டில் படுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அது நின்றால் எப்சிபா பேனா நிற்கும். அது தொடர்ந்தால் பேனா தொடரும்.

அறிவியல் பரீட்சை அன்றைக்கு, வினாத்தாளைப் பிரித்துப் பாதி போயிருக்கும், நகச் சத்தம் நின்றது. நின்று, ஒரு மூச்சு வாங்குகிற நேரம் கழித்து, கோமளா விழுந்தாள்.

குடங்களுக்கு மேல் விழுந்தாள். சுவரோரத்து வரிசை சரிந்தது, சரிந்தது மேடையில் இருந்ததைத் தட்டியது, மேடையில் இருந்தது வாசலில் இருந்ததைத் தள்ளியது, வாசலுக்கு வெளியே வராந்தா, வராந்தாவின் முடிவில் படிக்கட்டு. வெறும் பிளாஸ்டிக் குடம் படியில் உருண்டால் என்ன சத்தம் வரும் என்று கேட்டவர்களுக்குத்தான் தெரியும். மாடிக்கு மாடி தடதடவென்று இறங்கி, திருப்பத்தில் முட்டி, அடுத்த படியில் குதித்து, பச்சையும் ரோஸும் ஊதாவும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போக, லிஃப்ட் கோழி உயிர் போகிறாற்போலக் கத்த, எட்டு மாடிக் கதவும் திறந்தது. ஐயோ என் குடம் என்றுதான் எல்லாரும் ஓடினார்கள். அதைப் பொய்யாகச் சொல்லக்கூடாது. கோமளாவுக்காக அல்ல, விரிசல் விழாத குடம் ஆளுக்கொன்றுதான் இருந்தது, அதற்காக ஓடினார்கள். கீழே போனவர்கள் கீழே பொறுக்கினார்கள், மேலே போனவர்கள் மேலே பொறுக்கினார்கள், முத்து தன் பச்சைக் குடத்தைக் காணாமல் திட்டிக்கொண்டே ஆறாவது மாடி வாசலுக்கு வந்து நின்றாள். பச்சைக் குடம் கோமளாவின் இடுப்புக்குக் கீழே நசுங்கிக் கிடந்தது, கோமளா கை கால் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தாள்.

அங்கே பரீட்சை ஹாலில் எப்சிபா எழுந்து நின்றுவிட்டாள். சூப்பர்வைசர் உட்காரச் சொன்னார், அவளுக்குக் கேட்கவில்லை. வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்பது தெரியும், பஸ் பிடித்துப் போவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும் என்பதும் தெரியும், ஆனாலும் கால் நகர்ந்துவிட்டது.

இங்கே முத்து, பழக்கத்தில், இரும்பை எடுக்க ஆணிக்குக் கையை நீட்டினாள். விரலில் சாவி படவில்லை, காது பட்டது. சூடாக இருந்தது, பயந்துபோன குழந்தையின் காது மாதிரி. அப்போதுதான் முத்துவுக்கு, எப்போதோ தலையாட்டிவிட்டு மறந்துபோனது, அந்தப் பெண் மாடி மாடியாக வந்து சொன்னது, அவள் சொன்ன அதே குரலில் நினைவுக்கு வந்தது. சாவியை எடுக்கவில்லை. கீழே உட்கார்ந்து, கோமளாவை ஒருக்களித்துப் போட்டு, தன் முந்தானையைச் சுருட்டித் தலைக்கு அடியில் கொடுத்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே, ஆற்றோரத்தில் நாலாவது குடிசைக்குக் குரல் விடுவாளே, அந்தக் குரலை விட்டாள்.

"எப்சி, எழுதுடி. நான் கீறேன். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுட்டேன், நான் இங்கதான் கீறேன்."

குடத்தோடு வந்தவர்கள் ஒவ்வொருவராக வாசலில் சேர்ந்தார்கள். எடுத்துக்கொண்டு நைஸாகத் திரும்பப் பார்த்தவர்களை முத்து ஒரு பார்வை பார்த்தாள். இப்போது போகிறவர்கள் நாளைக்கு லாரி வரிசைக்கு வர வேண்டாம் என்றாள். அதனால் அவரவர் குடத்தைக் கவிழ்த்து அதன் மேலேயே உட்கார்ந்தார்கள், அறைக்குள் இடம் போதாமல் வராந்தாவிலும் உட்கார்ந்தார்கள், கொஞ்ச நேரத்தில் யாரோ விசிறினார்கள், யாரோ சிந்தின பூண்டைப் பொறுக்கினார்கள், பொறுக்கினவள் சும்மா இருக்கப் பிடிக்காமல் உரிக்க ஆரம்பித்தாள், அதைப் பார்த்து இன்னொருத்தி ஆரம்பித்தாள். கோமளாவின் இழுப்பு அடங்கி மூச்சு சீரானபோது, அதை ஒரு தரம் சொல்லிவிடலாம் என்று முத்து ஆணியை நிமிர்ந்து பார்த்தாள். ஆணியில் சாவி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

பரீட்சை ஹாலில் நின்றுகொண்டிருந்த எப்சிபாவுக்கு இடது பக்கம் சட்டென்று அடங்கிப்போனது. கடைசியாகக் கேட்டது நகம் பூண்டில் படுகிற சத்தம், ஒரு நகம் இல்லை, பல நகங்கள். அப்புறம் வீடு இல்லை. அம்மா மூச்சு இல்லை. அடங்கினது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. அவள் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்தாள், காது இருந்தது, கம்மல் ஜில்லென்று இருந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு ஃபேன் கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றுகிறது, இத்தனை நாளும் அது சத்தமில்லாத ஃபேன் என்று நினைத்திருந்தாள். அதற்கு அப்பால் ஒரு பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுதுகிறாள், அதற்கும் அப்பால் ஜன்னலுக்கு வெளியே ஒரு காக்கை எதையோ தகரத்தில் தட்டித் தட்டிப் பார்க்கிறது. சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து, போறியாம்மா, இருக்கியா என்று கேட்டார். நல்ல மனுஷன், அதட்டாமல்தான் கேட்டார்.

எப்சிபா வாசலைப் பார்த்தாள். நான் கீறேன் என்று முத்து சொன்னதை ஒரு தரம் மனசுக்குள் கேட்டுப் பார்த்தாள். முத்து அத்தை எத்தனையோ தரம் ஆணிக்கு முன்னால் எதையெதையோ சொல்லியிருக்கிறாள், ஆனால் தரையில் உட்கார்ந்து பேசினால் குரல் எப்படி வரும், அதுவும் முந்தானையில் ஒரு தலை கனத்துக்கொண்டிருந்தால் எப்படி வரும் என்பது எப்சிபாவுக்குத் தெரியும். அது அந்தக் குரல்தான். "இருக்கேன் சார்" என்று உட்கார்ந்தாள். அடுத்த கேள்வி ஓம் விதி. நின்றிருந்த நேரம் போக மிச்சமிருந்ததில், இரண்டு காதாலும் எழுதினாள்.

அன்றைக்கு அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவரவில்லை, நடந்து வந்தாள். ஆறாவது மாடியில் அம்மா டம்ளரில் டீ குடித்துக்கொண்டிருந்தாள், சுற்றிலும் குடங்களின் மேல் ஜனம் உட்கார்ந்திருந்தது.

எப்சிபா பாஸானாள். மார்க் ஒன்றும் ஊர் மெச்சுகிற மார்க் இல்லை, ஆனால் வேன் அவளை ஏற்றாமல் போனது, அவள் பதினொன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்தாள். காது அதற்கப்புறம் ஆணிக்கு வரவில்லை. வந்திருந்தால் எங்களுக்கும் வசதியாகத்தான் இருந்திருக்கும், ஏனென்றால் அது இல்லாமல் கை ஒடிந்தாற்போல ஆகிவிட்டது, எத்தனையோ நாள் அந்த வாசலுக்கு வந்து நின்று, வெறும் சாவியைப் பார்த்து வாயைத் திறந்து, திறந்த வாயோடு நின்றிருக்கிறோம்.

முத்துவுக்குத்தான் அந்தப் பழக்கம் விடவே இல்லை. பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் ஒருநாள், மூச்சு இரைக்க ஆறாவது மாடிக்கு வந்து, சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, மகன் ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டான் என்றும், எதைக் கேட்டாலும் கதவைச் சாத்திக்கொள்கிறான் என்றும், இவனை வைத்துக்கொண்டு தான் என்ன செய்வது என்றும் ஆணியிடம் சொல்லிக்கொண்டே போனாள். கீழே உட்கார்ந்திருந்த கோமளா பூண்டுக் கூடையைத் தள்ளி வைத்தாள். நசுங்கின பச்சைக் குடம் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டது, அதைக் கவிழ்த்துப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"இப்படி உக்காரு," என்றாள். "என்னைப் பாத்துச் சொல்லு."